தவக்காலத்தின் பாதியில் ஒரு ரோஜா நிற ஞாயிறு: அது நோன்புக்கு விடுமுறையா?

கேள்வி கேட்டவர் மூன்று சந்தேகங்களை ஒன்றாக முடிந்து அனுப்பியிருக்கிறார். தவக்காலத்தின் நான்காம் ஞாயிறன்று அவர்கள் பங்குக் கோயிலில் சாமியார் ஊதாவை விட்டுவிட்டு ரோஜா நிறத் திருவுடையில் பூசை வைத்தார், பீடத்தில் பூ வைத்திருந்தார்கள். அப்படியானால் அன்றைக்கு ஒருசந்தியை, அதாவது ஒருவேளை மட்டும் சாப்பிடும் நோன்பை, விட்டுவிடலாமா? கனடாவில் இருக்கும் அவருடைய அக்கா, அங்கே பிரெஞ்சு பேசும் கத்தோலிக்க ஊர்களில் நோன்பின் பாதியில் முகமூடி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள் என்கிறார். அதுவும் இதுவும் ஒன்றா? இங்கிலாந்தில் அதே ஞாயிறன்று அன்னையர் தினம் என்று கேக் வாங்குகிறார்களே, அது எப்படி வந்தது?

மறைக்கல்வி வகுப்பில் பல வருடம் நின்றவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தமானது. பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அது விடுமுறை இல்லை. நம் ஊர்ச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள்: இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காகப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் அதன்மேல் சுமையைச் சாய்த்துவிட்டு மூச்சு வாங்குவார். தரையில் இறக்கிவிட்டால் மறுபடி தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும். கல்லின்மேல் வைத்தால் தானே தலையைக் கொடுத்து எடுத்துக்கொண்டு நடக்கலாம். தவக்காலத்தின் நடுவே வரும் இளைப்பாறலும் இந்தக் கல்லைப் போலத்தான். சுமை இறங்குவதில்லை. தோளுக்கு மட்டும் கொஞ்ச நேரம் ஓய்வு.

முதலில் கணக்கு. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனிலிருந்து உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டருக்கு) முந்திய நாள்வரை எண்ணினால் 46 நாள் வரும். அதில் 6 ஞாயிறு. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள் என்பதால் அன்று உண்ணாநோன்பு இருப்பதில்லை என்பது இலத்தீன் திருச்சபையின் பழைய வழக்கம். அவற்றைக் கழித்தால்தான் 40. இந்த 40-இன் பாதி எங்கே விழுகிறது என்று விரல்விட்டுப் பாருங்கள். 2026-இல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18. ஞாயிறுகளை விட்டுவிட்டு எண்ணிக்கொண்டே போனால் இருபதாவது நோன்பு நாள் மார்ச் 12, வியாழக்கிழமை. எந்த வருடம் எண்ணினாலும் அது மூன்றாம் வாரத்து வியாழனில்தான் வந்து நிற்கும். பிரெஞ்சுக்காரர்களின் 'மி-கரேம்' அந்த வியாழன். அந்தச் சொல்லுக்கே 'பாதித் தவக்காலம்' என்றுதான் பொருள். அதை அடுத்த ஞாயிறு, அதாவது 2026-இல் மார்ச் 15, நீங்கள் பார்த்த ரோஜா நிற ஞாயிறு. மூன்று நாள் இடைவெளியில் வரும் இந்த இரண்டும் ஒரே களைப்புக்குப் பிறந்த பிள்ளைகள். ஒன்று தெருவில் வளர்ந்தது, மற்றது கோயிலுக்குள் வளர்ந்தது.

அந்தக் களைப்பை இன்று நாம் உணர்வது கஷ்டம். 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்புச் சட்டத்தைத் தளர்த்திய பிறகு, கட்டாய உண்ணாநோன்பு திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி என்று இரண்டே நாளாகச் சுருங்கிவிட்டது. இடைக்கால ஐரோப்பாவில் நிலைமை வேறு. நாளுக்கு ஒரே வேளைச் சாப்பாடு, அதுவும் முற்காலத்தில் மாலை செபம் முடிந்த பிறகு. நாம் 'ஒருசந்தி' என்கிறோமே, அதே சொல்லை அப்படியே போடலாம். கறி கிடையாது, முட்டை கிடையாது, பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி எதுவும் கிடையாது. ஞாயிறன்று வேளைக் கணக்கு தளர்ந்தாலும் கறிக்கு அனுமதி கிடையாது. எண்ணெய் விளையாத வடக்குப் பிரான்சில் வெண்ணெய் இல்லாமல் சமைப்பது பெரும்பாடு. அங்கே ரூவான் நகரப் பேராலயத்தில் 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பத் தொடங்கிய ஒரு கோபுரத்துக்கு இன்றும் 'வெண்ணெய்க் கோபுரம்' என்றுதான் பெயர். தவக்காலத்தில் வெண்ணெய் சாப்பிட அனுமதி வேண்டி மக்கள் கொடுத்த காணிக்கையில் எழுந்தது என்பார்கள். அதோடு, அங்கே அது குளிர்காலத்தின் கடைசி. பத்தாயத்தில் தானியம் குறைந்துகொண்டே வரும், தோட்டத்தில் இன்னும் எதுவும் முளைத்திருக்காது. இருபது நாள் இப்படிப் போன பிறகு உடம்பு 'இன்னும் எவ்வளவு?' என்று கேட்கும். அந்தக் கேள்விக்குத் திருச்சபை கொடுத்த பதில்தான் இந்த ஞாயிறு.

இதன் இலத்தீன் பெயர் 'லெத்தாரே'. 'மகிழ்வாயாக' என்று பொருள். அன்றைய பூசையின் தொடக்கத்தில் வரும் வருகைப்பல்லவியின் முதல் சொல் அது. எசாயா 66-ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்தது: எருசலேமோடு சேர்ந்து மகிழுங்கள், அவளுக்காக அழுதவர்களே, குழந்தை தாயிடம் பால் குடித்து நிறைவது போல அவளிடம் ஆறுதல் பெறுங்கள் என்கிறது அந்தப் பகுதி. இந்தத் தாயை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இங்கிலாந்துக் கேக்குக்குப் போகும்போது தேவைப்படுவாள். பழைய திருவழிபாட்டில் அன்றைக்குக் கலாத்தியர் நிருபம் 4-ஆம் அதிகாரம் வாசிப்பார்கள். அதிலும் மேலான எருசலேமே நம் தாய் என்று பவுல் எழுதுகிறார். நற்செய்தி, ஐந்து அப்பத்தில் ஐயாயிரம் பேர் பசியாறிய நிகழ்ச்சி. பசித்திருக்கிற மக்களுக்கு நோன்பின் நடுவில் இந்த வாசகத்தை வைத்தவர்களுக்கு மனித உடம்பைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆங்கிலிக்கன் சபையார் இதனாலேயே இந்த நாளை இளைப்பாறல் ஞாயிறு என்ற பொருளில் ஒரு பெயரால் அழைத்தார்கள்.

முற்காலத்தில் உரோமையில் அன்றைய வழிபாட்டுக்குத் திருத்தந்தை எந்தக் கோயிலுக்குப் போவார் தெரியுமா? 'எருசலேமின் திருச்சிலுவை' என்ற பெயருள்ள பசிலிக்காவுக்கு. கான்ஸ்டன்டைன் மன்னனின் தாய் எலேனாவின் அரண்மனை இருந்த இடம் அது. எருசலேமிலிருந்து கொண்டுவந்த மண்ணைத் தரையில் பரப்பினார்கள் என்பது மரபு. எருசலேமுக்குப் போக முடியாத உரோமை மக்கள் ஊருக்குள்ளேயே எருசலேமுக்குப் போய் வருவதற்கு ஒரு வழி. திருநீற்றுப் புதனின் சாம்பலிலிருந்து கிளம்பியவர்கள் பாஸ்காவை, அதாவது உயிர்ப்பு விழாவை, தூரத்தில் கண்டுகொள்கிற இடம்.

ரோஜா நிறம் எப்படி வந்தது என்பதற்குப் பொதுவாகச் சொல்லும் விளக்கம் பொன் ரோஜா. இந்த ஞாயிறன்று திருத்தந்தை தங்கத்தில் செய்த ஒரு ரோஜாவை மந்திரித்து, கஸ்தூரியும் நறுமணத் தைலமும் இட்டு, ஒரு அரசருக்கோ கோயிலுக்கோ அனுப்புவார். 11-ஆம் நூற்றாண்டிலேயே இது பழைய வழக்கமாகப் பேசப்படுகிறது. பாரிஸில் உள்ள குளூனி அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. மினுக்கியோ என்ற சியேனா ஊர்ப் பொற்கொல்லர் 1330-இல் செய்தது. ஒற்றைப் பூ இல்லை, ஒரு முழுச் செடி: மெல்லிய தண்டு, கிளை கிளையாகப் பிரிந்து தகடாய் அடித்த இலைகள், உச்சியில் விரிந்த பூ. இந்த மரபு இன்னும் நிற்கவில்லை. பதினாறாம் பெனடிக்ட் 2007-இல் பிரேசிலின் அபரெசிடா மாதாவுக்கும் 2010-இல் பாத்திமா மாதாவுக்கும் பொன் ரோஜா கொடுத்தார்.

இனி நம் கோயிலுக்கு வருவோம். தவக்காலத்தில் பீடத்தில் பூ வைக்கக்கூடாது, இசைக்கருவி பாட்டுக்குத் துணையாக மட்டும் வாசிக்கலாம் என்று திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை சொல்கிறது. இந்த ஞாயிறுக்கும், சூசையப்பர் விழா, மங்கள வார்த்தைத் திருநாள் போன்ற விழாக்களுக்கும் மட்டும் விலக்கு. ரோஜா நிறம் 'அணியலாம்', கட்டாயமில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அன்றைக்கும் அல்லேலூயா பாடியிருக்க மாட்டார்கள். 'உன்னதங்களிலே' கீதமும் இருந்திருக்காது. பூ உண்டு, அல்லேலூயா இல்லை. இந்த நாளின் குணத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல அடையாளம் இல்லை என்பேன். நிறமும்கூட அப்படித்தான்: ஊதாவை முழுதாகக் கழற்றி வெள்ளையைப் போடவில்லை. விடியப்போகிற நேரத்து வானம் போல, ஊதாவிலேயே கொஞ்சம் வெளுப்பு கலந்தால் வருகிற நிறம்.

எங்கள் பங்கில் நான் பீடச்சிறுவனாக இருந்தபோது ரோஜா நிறத் திருவுடை ஒன்றே ஒன்று இருந்தது. வருடத்தில் இரண்டே நாள் வெளியே வரும்: இந்த ஞாயிறும், திருவருகைக்காலத்து மூன்றாம் ஞாயிறும். கோயில்பிள்ளை அதைப் பீரோவின் அடித்தட்டிலிருந்து இரண்டு கையாலும் தூக்கி எடுப்பார். பாச்சை உருண்டை வாசனை அறை முழுக்கப் பரவும். மடித்த இடத்தில் சரிகை ஒடிந்து, நூல் தெரியும். சாமியார் தலைவழியாக மாட்டியதும் பின்பக்க மடிப்பை நான் இழுத்துவிட வேண்டும். வெளியே பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு கேட்கும். எங்கள் ஊரில் பெண்கள் தவக்காலம் முழுக்கத் தலையில் பூ வைக்கமாட்டார்கள். 25 நாளாகப் பூவையே பார்க்காத கண்களுக்குப் பீடத்தில் இரண்டு ஜாடி நிறைய சம்பங்கி. அந்த வாசனை முதல் வரிசைவரை வரும். யாரும் சூடியிருக்க மாட்டார்கள், ஆனால் எல்லோரும் முகர்ந்துகொண்டிருப்பார்கள்.

இங்கிலாந்துக்குப் போவோம். எருசலேம் தாய், திருச்சபை தாய் என்று வாசகம் சொல்லச் சொல்ல, மக்கள் அதைத் தங்கள் சொந்தத் தாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1644-இல் உள்நாட்டுப் போரின்போது உஸ்டர் ஊரில் தங்கிய ஒரு படைவீரர் தன் நாட்குறிப்பில், பாதித் தவக்கால ஞாயிறு இங்கே பெரிய நாள், பிள்ளைகளும் ஞானப்பிள்ளைகளும் குடும்பத்தின் மூத்தவர் வீட்டில் கூடி விருந்துண்கிறார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். பத்துப் பன்னிரண்டு வயதிலேயே பிறர் வீட்டு வேலைக்கும் தொழில் பழகவும் அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கு அந்த ஒரு ஞாயிறு வீட்டுக்குப் போக அனுமதி கிடைக்கும். வழியில் வேலியோரத்தில் வயலட் பூ பறித்துக்கொண்டு நடப்பார்கள். எஜமானி கொடுத்துவிட்ட கேக் கையில் இருக்கும். அந்தக் கேக்குக்குச் 'சிம்னல்' என்று பெயர். உலர்பழம் நிறைந்தது, நடுவிலும் மேலேயும் பாதாம் விழுதைத் தட்டி வைத்திருப்பார்கள். இப்போது செய்வதில் மேலே 11 உருண்டை இருக்கும். யூதாசை விட்டுவிட்டு மீதி அப்போஸ்தலர்கள்.

19-ஆம் நூற்றாண்டில் இந்த வழக்கம் தேய்ந்துபோனது. மீட்டெடுத்தவர் நாட்டிங்காம்ஷயரில் ஒரு ஆங்கிலிக்கன் குருவின் மகளான கான்ஸ்டன்ஸ் பென்ஸ்விக் ஸ்மித். அமெரிக்காவில் அன்னா ஜார்விஸ் மே மாதத்து அன்னையர் தினத்துக்காகப் பாடுபடுவதை 1913-இல் படித்தவர், நம்மிடமே பழைய நாள் ஒன்று இருக்கிறதே என்று எழுந்தார். 1921-இல் அதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1938-இல் அவர் இறக்கும்போது அந்த ஞாயிறு நாடெங்கும் திரும்பியிருந்தது. ஆகவே நம் ஊரில் மே இரண்டாம் ஞாயிறன்று கொண்டாடுவதும் இங்கிலாந்தில் மார்ச்சை ஒட்டி வருவதும் வேறு வேறு. ஒன்று 1914-இல் அமெரிக்க அதிபர் அறிவித்த நாள், மற்றது தவக்காலத்தோடு கட்டிப்போட்ட நாள். அதனால்தான் இங்கிலாந்துத் தேதி வருடாவருடம் நகர்கிறது. நான் மேலே சொன்ன சுமைதாங்கிக் கல்லை நம் முன்னோர் பெரும்பாலும் வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகத்தான் நட்டார்கள். இளைப்பாறல் என்றதும் தாய் நினைவுக்கு வருவது அங்கேயும் இங்கேயும் ஒன்றுபோல இருப்பது எனக்கு எப்போதும் நெஞ்சைத் தொடும்.

இப்போது அக்கா சொன்ன முகமூடி. பிரான்சில் மூன்றாம் வாரத்து வியாழன் தெருவின் திருநாளாக இருந்தது. பாரிஸில் 19-ஆம் நூற்றாண்டில் அது சலவைப் பெண்களின் நாள். வருடம் முழுக்க சேன் ஆற்றங்கரையிலும் சலவைக்கூடங்களிலும் குனிந்து நின்று துவைத்தவர்கள், அன்று கூடத்துக்கு ஒரு ராணியைத் தேர்ந்தெடுத்து முடிசூட்டி ஊர்வலம் போவார்கள். கொதிநீராலும் சோடா உப்பாலும் வெடித்த கைகள் அன்றைக்கு ஒரு நாள் கையுறைக்குள் இருக்கும். முதல் உலகப்போருக்குப் பிறகு அந்தக் களை போய்விட்டது.

கடல் கடந்த பிரெஞ்சு ஊர்களில் அது சாகவில்லை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கேப் பிரெட்டன் தீவின் ஷெட்டிகாம்ப் பகுதி, கியூபெக்கில் மதலேன் தீவுகளின் பாத்திமா கிராமம், செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் உள்ள கொக்குத்தீவு, வடகரையில் நத்தஷ்குவான் ஆகியவை பெயர்பெற்ற இடங்கள். அக்கா பார்த்தது அநேகமாக இவற்றில் ஒன்றாக இருக்கும். பனி இன்னும் உருகாத மார்ச் இரவில் கதவு தட்டப்படும். உடம்பே தெரியாதபடி உடுத்தி, முகத்தை மூடி, குரலை மாற்றிப் பேசிக்கொண்டு ஒரு கூட்டம் உள்ளே வரும். ஆணா பெண்ணா என்பதே தெரியாது. வீட்டார் கண்டுபிடிக்க வேண்டும்: நடையைப் பார்ப்பார்கள், கையைப் பார்ப்பார்கள், சிரிக்க வைத்துப் பார்ப்பார்கள். பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால் முகமூடியைக் கழற்றிவிட வேண்டும். பிறகு பலகாரமும் குடிக்க ஏதாவதும் வரும். கண்டுபிடிக்க முடியாதவர் அப்படியே அடுத்த வீட்டுக்கு நடப்பார். ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இடத்தில்தான் இந்த விளையாட்டுக்குச் சுவை. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்க வருகிற கிழவி ஒருத்திக்கும் 'மி-கரேம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

இந்தக் கிழவி இத்தாலியிலும் உண்டு. அங்கே அவள் தவக்காலமே. ஃபோர்லிம்போபோலி ஊரில் ஒரு பெரிய கிழவி பொம்மையைச் செய்து, ஊர்வலமாகக் கொண்டுபோய், கடைசியில் அறுப்பார்கள். வயிற்றிலிருந்து பழமும் இனிப்பும் கொட்டும். நோன்பைப் பாதியாக அறுப்பது என்று அர்த்தம். கட்டலோனியாவில் கொஞ்சம் வேறு மாதிரி: ஏழு கால் வைத்த கிழவியின் படத்தைச் சமையலறையில் மாட்டி வாரத்துக்கு ஒரு காலாக வெட்டுவார்கள். பெல்ஜியத்தில் ஸ்தாவ்லோ என்ற ஊரில் லெத்தாரே ஞாயிறன்று வெள்ளை அங்கியும் நீண்ட சிவப்பு மூக்குமாக ஒரு கூட்டம் வரும். 1500-ஐ ஒட்டி அவ்வூர் மடாதிபதி, துறவிகள் திருவிழாவுக்குப் போகக்கூடாது என்று தடுத்ததும், அவர்கள் இல்லாத குறையைத் தீர்க்க ஊரார் துறவிகள் போலவே வெள்ளை உடுத்தி வந்தார்கள் என்று காரணம் சொல்கிறார்கள்.

கீழைத் திருச்சபைகளில் பாதி நோன்பு வேறு முகம் காட்டுகிறது. அங்கே நடுவில் வைப்பது பூவை அல்ல, சிலுவையை. நமக்குப் பக்கத்திலேயே இருக்கிற எடுத்துக்காட்டு மலங்கரை சபைகள். கேரளத்தில் 'பாதி நோம்பு' என்பார்கள். ஐம்பது நோம்பின் பாதியில் வரும் புதன்கிழமை, கோயிலின் நட்டநடுவே, இயேசு சிலுவையில் அறையப்பட்ட இடத்தின் பெயரான கொல்கொதா என்ற பெயரில் மேடை அமைத்து அதில் சிலுவையை நிறுத்துவார்கள். பாலைவனத்தில் மோசே வெண்கலப் பாம்பை உயர்த்தியதை அன்று நினைவுகூர்வார்கள். பாம்பு கடித்தவர்கள் அதை நிமிர்ந்து பார்த்துப் பிழைத்தார்கள் அல்லவா? நோன்பில் சோர்ந்தவர்களும் அப்படி நிமிர்ந்து பார்க்க ஒன்று. இதைப் பார்க்க எல்லை தாண்ட வேண்டியதில்லை, கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் மலங்கரை கத்தோலிக்க மறைமாவட்டத்துக் கோயில்களுக்குப் போனாலே போதும். ரஷ்யக் கிராமங்களில் அதே புதன்கிழமை சிலுவை வடிவில் ரொட்டி சுட்டு, ஒன்றிரண்டில் தானியமணியோ காசோ ஒளித்து வைப்பார்கள். அன்றைக்கு நோன்பு நடுவில் முறிகிறது என்பது அவர்கள் பேச்சு.

கடைசியாக ஒருசந்தி. திருச்சபைச் சட்டப்படி கேட்டால், அந்த ஞாயிறன்று விட வேண்டிய ஒருசந்தியே இல்லை, ஏனென்றால் எந்த ஞாயிறும் நோன்பு நாள் இல்லை. 18 வயது நிறைந்தவரிலிருந்து 59 வயது நிறையும்வரை உள்ளவர்களுக்கு அந்த இரண்டு நாள் உண்ணாநோன்பு; 14 வயது நிறைந்தவர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் கறி தவிர்க்கும் சுத்தபோசனம். இதற்கு மேல் நீங்கள் இருப்பது நீங்களாக ஏற்றுக்கொண்ட ஒறுத்தல். 'நாற்பது நாளும் கறி தொடமாட்டேன்' என்று நேர்ந்துகொண்டிருந்தால் நான்காம் ஞாயிறு அதை முறிப்பதற்கான நாள் இல்லை. ரோஜா நிறம் அப்படி ஒரு அனுமதியைத் தருவதில்லை. 'ஞாயிறு தவிர' என்று முதலிலேயே மனதில் வைத்திருந்தால் மற்ற ஞாயிறுகளைப் போலவே இதுவும். உடம்புக்கு முடியாதவர்கள் பங்குச் சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் மனசு உறுத்தாது.

என் அம்மா செய்ததைச் சொல்கிறேன். கறி இல்லை, மீனும் இல்லை. ஆனால் அந்த ஞாயிறு மதியம் மட்டும் சேமியா பாயசம் வைப்பார். எங்களுக்கு ஊற்றிவிட்டுத் தனக்கும் ஒரு டம்ளர் எடுத்துக்கொள்வார். வருடம் முழுக்க அவர் உட்கார்ந்து குடித்து நான் பார்த்த பாயசம் அதுதான். திங்கட்கிழமை மறுபடி ஒருவேளைச் சோறு.

உங்கள் பங்கில் பீடம் அலங்கரிக்கும் குழுவில் யாராவது இருந்தால் இதையும் சொல்லுங்கள்: அந்தப் பூ ஞாயிறு மாலைப் பூசையோடு சரி. திங்கள் காலைப் பூசைக்கு முன் ஜாடியை எடுத்துவிட வேண்டும். வாடவில்லையே என்று விட்டுவைக்கக்கூடாது.